என் இருமலைக் காதில் வாங்கியவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தாருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமையோடு என் ஆறு மாதக் காசநோய் மருந்து முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. அவ்வளவு தூரம் நடக்க இன்னும் தெம்பு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எனக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு. ஐப்பசி மழையில் ஒருநாள் மாத்திரை அட்டையைக் கொடுத்தவர் கிளம்பாமல் வாசலிலேயே நின்றார். "எவ்வளவு நாளா சார் இந்த இருமல்?" மழைக்காலச் சளி என்றேன். "போன மாசம் வந்தப்பவும் இருமுனீங்களே. சட்டை வேற தொளதொளன்னு கிடக்கு" என்றார்.

நான் அதைக் கவனிக்கவே இல்லை. மனைவி போய் ஏழு வருடம். மகன் பெங்களூரில். அவனோடு பேசும்போது இருமல் வந்தால் போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். ராத்திரி முழுக்க இருமினாலும் ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. மருந்துக் கடை சிரப்பிலேயே ஒன்றரை மாதம் ஓட்டியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதெல்லாம் அன்று அவர் சொல்லித்தான் தெரியும். மறுநாளே சளி டப்பாவோடு வந்துவிட்டார். "காலைல எந்திரிச்சதும் வாயைக் கொப்பளிச்சிட்டு, மூச்சை நல்லா இழுத்து, நெஞ்சிலேர்ந்து இருமித் துப்பணும் சார். எச்சில் வேண்டாம்" என்று செய்தே காட்டினார்.

அடுத்து, காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பிக்கு. டிபி என்றதும் எனக்குத் தாம்பரம்தான் கண்முன் வந்தது. சின்ன வயதில் என் பெரியப்பாவைத் தாம்பரம் சானடோரியத்துக்கு, அதாவது காசநோய் ஆஸ்பத்திரிக்கு, அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. அவர் குடித்த டம்ளரைப் பாட்டி கொல்லையில் புதைத்தது நினைவிருக்கிறது. இதைச் சொல்லி நான் அழுதபோது அந்தத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம், அதனால் கூட இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று 1950களிலேயே உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான் என்றார். அந்த ஆய்வுக்காக 1956இல் தொடங்கிய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாம். அந்த மருத்துவர்களுக்கும், அன்று நம்பிச் சம்மதித்த நோயாளிகளுக்கும் என் கும்பிடு.

கொசுவுக்குப் பயந்து வருடக்கணக்கில் மூடி வைத்திருந்த ஜன்னல்களை அந்தத் தம்பிதான் திறந்தார். அடைத்த அறையில் கிருமி காற்றிலேயே நிற்கும் என்று சொல்லி, வலை அடிக்கவும் ஆள் அனுப்பினார். எனக்கு எடை 48 கிலோ, தினம் மூன்று மாத்திரை. மூன்றாம் நாள் சிறுநீர் செக்கச்செவேலென்று போனது. ரத்தம் என்று நினைத்து ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டேன். "மாத்திரையோட நிறம் சார், பயப்படாதீங்க, நிறுத்திடாதீங்க" என்றார். அன்று அவர் போனை எடுக்காவிட்டால் நான் நிறுத்தியிருப்பேன்.

எதிர்வீட்டு மருமகளுக்கு என்ன சொல்ல! காசநோய் இருமும்போது காற்றில் பரவுமே தவிர, தட்டு டம்ளரில் ஒட்டாது என்று தெரிந்துகொண்டு, அவர்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரிலேயே தினமும் காபி வந்தது. குடும்பத்தோடு போய்ப் பரிசோதனையும் செய்துகொண்டார்கள், ஒருவருக்கும் இல்லை. அவர் மகன் பள்ளிக்கூடம் போகுமுன் எட்டிப் பார்ப்பான். "தாத்தா, போட்டாச்சா?" போட்டேன் என்றால்தான் காலண்டர் தாளைக் கிழிப்பான். கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் அரசு கொடுத்த பணம் முட்டைக்கும் கொண்டைக்கடலைக்கும் ஆனது. இப்போது 54 கிலோ.

நம் தெருவில் தனியாக இருப்பவர்கள் இன்னும் நான்கு பேர். அதில் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல். போன வாரம் நானே டப்பா வாங்கிக் கொடுத்தேன்.

மாத்திரை கொண்டுவரும் அம்மா, நீங்கள் எப்போதும் வாசலோடு போய்விடுகிறீர்கள். அடுத்த முறை உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.