மழைக்காலத்தில் சிமுலேட்டர் ஓட்டப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிட மைதானத்துக்குப் போக முடியாது. அந்த நாட்களில் நம் ரிச்சி தெருக் கடையில் அதிகம் விற்பது, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்கான வயர்லெஸ் டாங்கிள்தான். அதிகம் திரும்பி வருவதும் அதுதான். வருவதில் பெரும்பாலானவற்றில் பழுது எதுவும் இருப்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

போன வாரம் ஆவடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் நனைந்துகொண்டே வந்தார். பைண்டு ஆகிவிட்டது, அதாவது ரேடியோவும் (கையில் பிடித்து ஓட்டும் ரிமோட்) டாங்கிளும் ஜோடி சேர்ந்துவிட்டன, டாங்கிள் விளக்கும் நிலையாக எரிகிறது. ஆனால் வலது ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் விமானம் உருளுவதோடு மூக்கையும் தூக்குகிறது. அவருடைய ரேடியோவை வாங்கிப் பார்த்தோம். திரையில் அவருடைய ஃப்ளையிங் விங் (வால் இல்லாத, இறக்கை மட்டுமான விமானம்) மாடலே, அதாவது அதற்கென்று சேமித்த செட்டிங்கே, தேர்வாகி இருந்தது, அதில் உருளுவதையும் மூக்கு ஏறி இறங்குவதையும் சேர்த்துக் கலக்கும் எலிவான் மிக்ஸ் போட்டிருந்தார். புதிதாக வெறும் மாடல் ஒன்றை உருவாக்கினோம், இரண்டே நிமிடத்தில் சரியாகிவிட்டது.

டாங்கிள் என்பது ஒரு ரிசீவர், ரேடியோவின் சிக்னலை வாங்கும் கருவி. விமானத்தின் சர்வோவை (இறக்கை மடல்களை நகர்த்தும் சின்ன மோட்டார்) அசைப்பதற்குப் பதிலாக, ஸ்டிக் எங்கே இருக்கிறது என்பதை கம்ப்யூட்டருக்கு ஜாய்ஸ்டிக் போலச் சொல்கிறது, அவ்வளவுதான். ரேடியோவுக்குள் நீங்கள் போட்டு வைத்த மிக்ஸ், எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்குவது), டூயல் ரேட் (அசைவின் அளவைக் குறைப்பது) எல்லாம் அப்படியே உள்ளே போகும். ஆகவே சிமுலேட்டருக்கென்று தனி மாடல் வைத்துக்கொள்ளுங்கள். வகை சாதாரண விமானம், மிக்ஸ் கிடையாது, ரேட் 100 சதவீதம், டிரிம் (நேராகப் பறக்கச் செய்யும் சிறு திருத்தம்) நடுவில். ஹெலிகாப்டர் ஓட்டினாலும் ரேடியோவில் விமான வகைதான் இருக்க வேண்டும். ஸ்வாஷ் (ரோட்டார் இறக்கைகளைச் சாய்க்கும் தட்டு) கணக்கைச் சிமுலேட்டரே பார்த்துக்கொள்ளும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலான ரேடியோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் பேசும் பாஷை வேறு. ஸ்பெக்ட்ரம் கம்பெனியின் டிஎஸ்எம்எக்ஸ் பாஷை பேசும் டாங்கிள், ஃப்ளைஸ்கை கம்பெனி ரேடியோவோடு எத்தனை முறை முயன்றாலும் பைண்டு ஆகாது. முன்பு சிலருக்கு ரேடியோ மாடலைக் கேட்காமலேயே டாங்கிளைக் கொடுத்துவிட்டோம். அது எங்கள் தவறு. இப்போது ரேடியோ எதுவென்று தெரியாமல் பில் போடுவதில்லை. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

பைண்டு செய்யும்போது ரேடியோவை டாங்கிளிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் சிக்னல் அளவுக்கு மீறிப் பலமாகி, சில நேரம் பைண்டு ஆவதில்லை. வீட்டிலுள்ள நிஜ விமானத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது விமானம் திடீரென்று வெட்டி இழுத்தால் உடனே டாங்கிளைக் குறை சொல்ல வேண்டாம். அதை எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 துளையும், அதில் ஓடும் ஹார்டு டிஸ்க்கும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். நீல நிறத் துளையை விட்டுவிட்டு கறுப்புத் துளைக்கு மாறுங்கள். லேப்டாப்பில் அது இல்லையென்றால், சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் டாங்கிளை ஒரு முழம் தள்ளி மேஜை மேல் வையுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் காலிபரேஷன், அதாவது ஸ்டிக் எந்த எல்லை வரை போகும் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டுவது. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து இரண்டு ஸ்டிக்கையும் மூலைக்கு மூலை முழுக்கச் சுற்றுங்கள். அதன்பின் சிமுலேட்டருக்குள்ளும் ஒருமுறை செய்யுங்கள். ரேடியோவில் மிக்ஸ் இல்லாத மாடலை வைத்துவிட்டுத்தான் காலிபரேஷன், முந்திச் செய்தால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். த்ராட்டில் (மோட்டார் வேகம்) ஸ்டிக்கைத் தூக்கினால் இறக்கை அசைகிறதா? சேனல் (ஒவ்வொரு அசைவுக்குமான தனி வழி) வரிசை மாறியிருக்கிறது. ஃப்ளைஸ்கையில் முதல் சேனல் எய்லரான் (விமானத்தை உருட்டும் இறக்கை மடல்), ஸ்பெக்ட்ரமில் த்ராட்டில். சிமுலேட்டர் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம்.

ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரேடியோ வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. பின்னால் உள்ள டிரெய்னர் சாக்கெட்டில் தினமும் சிமுலேட்டர் வயரைச் செருகி எடுத்தால் அது தளர்ந்துவிடுகிறது. எஃப்எஸ்-ஐஏ6பி ரிசீவர் சும்மா கிடந்தால், ரேடியோ மெனுவில் பிபிஎம் அவுட்புட்டை ஆன் செய்யுங்கள். முதல் சேனல் பின்னிலேயே எல்லாச் சேனலும் வரிசையாக வரும். அதை ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ என்ற, புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன போர்டில் கொடுத்தால், போர்டு கம்ப்யூட்டருக்கு ஜாய்ஸ்டிக்காகத் தெரியும். ரிசீவருக்கு யுஎஸ்பியின் 5 வோல்ட்டே போதும். மூன்றே வயர்தான். சாலிடரிங் தெரியாதவர்களுக்குக் கடையிலேயே பற்றவைத்து, புரோகிராமும் ஏற்றித் தருகிறோம். போர்டுக்கு மட்டும் காசு, கூலி வேண்டாம்.

இதற்கு மேலும் சரியாகவில்லையென்றால் டாங்கிளை மட்டும் அனுப்ப வேண்டாம். ரேடியோவையும், முடிந்தால் லேப்டாப்பையும் சேர்த்து எடுத்து வாருங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை நாலு மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
ரிச்சி தெருக் கடையிலிருந்து