அது பால் பல் இல்லை, அக்கா

அன்புள்ள மல்லிகா அக்காவுக்கு,

கதிரின் சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போகிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னார். "பால் பல்தானே, திரும்ப முளைக்கும்" என்று நம் காசிமேட்டில் எல்லோரும் சொல்வதைத்தான் நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். கதிருக்கு ஏழு வயது. சொத்தை கடைசிப் பல்லில் என்கிறார் அம்மா. பெரும்பாலும் அந்தப் பல்லாகத்தான் இருக்கும். பிடுங்கிவிட்டால் அதற்குப் பதிலாக இன்னொன்று முளைக்காது.

பற்கூழைப் பற்றி, அதாவது பல்லின் நடுவே ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள மென்மையான திசுவைப் பற்றி, படிப்பதே என் வேலை என்பதால், பல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளியே தெரியும் வெள்ளைப் பூச்சு எனாமல். அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன; அதனால் எனாமலில் விழுந்த குழி தானாக மூடாது. ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் அப்படியில்லை. அதைச் சுரக்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள், பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நின்று, பல் உயிரோடு இருக்கும்வரை வேலை செய்கின்றன. சொத்தை மேலோட்டமாக இருந்தால் அவையே கூடுதலாக டென்டினைப் போட்டுக் கூழைக் காப்பாற்றப் பார்க்கும். ஆழமாக இறங்கினால் அவை செத்துப்போகும். முதிர்ந்துவிட்ட அந்தச் செல்களால் பிரிந்து பெருகவும் முடியாது.

அப்போதுதான் பற்கூழின் ஸ்டெம் செல்கள் எழுகின்றன. தேவைப்படும்போது பெருகி வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை அவை; அதுவரை ரத்தக் குழாய்களை ஒட்டி அமைதியாக இருக்கும். அவற்றை எழுப்புவது எது என்று படித்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. பல் உருவான காலத்தில் டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் டென்டினுக்குள்ளேயே புதைந்துவிடுகின்றன. கிருமிகளின் அமிலம் டென்டினைக் கரைக்கும்போது அந்தப் புரதங்களும் விடுபட்டுக் கூழுக்குள் கசிகின்றன. ஸ்டெம் செல்கள் பெருகிக் காயத்தை நோக்கி நகர்கின்றன, டென்டினை ஒட்டி நின்று நீள்கின்றன, ஓடோன்டோபிளாஸ்ட் போன்ற செல்களாகின்றன. முதலில் கொலாஜன் என்ற புரத நாரால் ஆன வலை, பிறகு அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிய, புது டென்டின் எழுகிறது. திருவொற்றியூர்க் கரையில் கடல் வீடுகளைத் தொடுவதற்கு முன் கருங்கல் கொட்டுகிறார்களே, அந்த அவசரத்தோடு நடக்கும் வேலை. ஆனால் ஒரு நாளைக்குச் சில மைக்ரான்தான் ஏறும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கிருமி உள்ளே வந்துகொண்டே இருந்தால் ஸ்டெம் செல்கள் தோற்றுவிடும்.

இது வெறும் ஊகமில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், பிடுங்கப்பட்ட ஞானப் பற்களின் கூழிலிருந்து இந்த செல்களைப் பிரித்து எலிகளின் உடலில் வைத்தார்கள். டென்டினும் அதை ஒட்டிக் கூழ் போன்ற திசுவும் உருவாயின. எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை அதே முறையில் வைத்தபோது அவை எலும்பையே உருவாக்கின. விழுந்த பால் பற்களிலும் ஸ்டெம் செல்கள் இருப்பதை 2003-இல் கண்டார்கள். இதைக் காட்டிப் பால் பல்லைச் சேமித்துவைக்க யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சேமித்த செல்லிலிருந்து புதுப் பல் வளர்த்துத் தரும் சிகிச்சை இன்று எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை.

கதிரின் வயது அவனுக்குப் பெரிய பலம். இந்தப் பல்லின் வேர் முழுதாக வளர்ந்து முடிய ஒன்பது, பத்து வயதாகும். அதுவரை வேரின் நுனி அகலமாகத் திறந்திருக்கும், ரத்த ஓட்டம் தாராளமாக இருக்கும், ஸ்டெம் செல்களும் துடிப்பாக இருக்கும். கூழ் இப்போது செத்துவிட்டால் வேர் குட்டையாக, மெல்லிய சுவரோடு நின்றுவிடக்கூடும்.

அதனால், அக்கா, மீன் ஏலம் முடிந்த கையோடு இந்த வாரமே அவனைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்ததும் "வேர் நுனி திறந்திருக்கிறதா, கூழைக் காப்பாற்ற முடியுமா" என்று கேளுங்கள். முடியும் என்றால் அழுகிய பகுதியை எடுத்துவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடோ எம்டிஏ என்ற மருந்துச் சிமென்டோ வைத்து, மேலே கசிவில்லாமல் அடைப்பார்கள். டென்டினில் புதைந்திருக்கும் புரதங்களை வெளிக்கொணர அந்த மருந்துகளும் உதவும். பிறகு வரச் சொன்ன தேதிகளைத் தவறவிடாதீர்கள். வலி இல்லை என்பதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியோ, ஈறில் வீக்கமோ இருந்தால் வாரக் கடைசிவரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள். காலையில் துணைக்கு ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை