கிரேட் பிரிட்டனை அரிக்கும் உப்பு

ஆசிரியருக்கு,

பழைய பயணிக் கப்பல் என்றாலே டைட்டானிக்தான் பேச்சு. பொறியாளர் புருனெல் வடிவமைத்து 1843இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வெள்ளோட்டம் கண்ட 'கிரேட் பிரிட்டன்' அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. இரும்பு உடலும் புரொப்பெல்லரும் கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பயணிக் கப்பல் அதுவே. என்ஜின் நிமிடத்துக்கு 18 சுற்று. பற்சக்கரச் சங்கிலிகள் அதை மும்மடங்காக்கிப் புரொப்பெல்லரைச் சுழற்றின.

1846இல் அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி, ஏறக்குறைய ஓராண்டு கிடந்தது. உரிமையாளர்கள் நொடித்துப்போனார்கள். பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றியது. தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டு, 1970இல் பிரிஸ்டல் திரும்பியது.

இரும்புக்குள் ஊறிய கடலுப்பைக் கழுவி எடுக்க முடியாது. காற்றில் ஈரம் ஏறினால் துருப்பிடிப்பது நிற்காது. அதனால் நீர் இல்லாத உலர்துறையில் நிற்கும் கப்பலின் நீர்க்கோட்டை (மிதக்கும்போது நீர் தொடும் மட்டம்) ஒட்டிக் கண்ணாடிக் கூரை அமைத்து, அடியில் ஈரப்பதத்தை 20 சதவீதமளவில் வைத்திருக்கிறார்கள். உலர்த்தும் எந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

— ஒரு வாசகர்