வேரை விட்டுவிட்டுத் தளத்தை மாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வாசலைச் சரிபண்ணிவிடலாம் என்று சென்னையில் நிறையப் பேர் மேஸ்திரியைக் கூப்பிடுகிற நேரம் இது. கேட்டுக்கு வெளியே கார் ஏறி இறங்குகிற சரிவில் சிமென்ட் விரிசல் விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கும், உடைத்துப் பார்த்தால் தெருவோர மரத்தின் வேர். உடனே கோடாலி வந்துவிடுகிறது. "வேரை எடுத்துட்டுப் போட்டா அப்புறம் பிரச்சினையே இல்ல சார்" என்பார் மேஸ்திரி. அவருக்கு இல்லைதான். (அந்தச் சரிவே பாதி வீடுகளில் நடைபாதையை விழுங்கித்தான் நிற்கிறது, அதைப் பேசினால் சண்டை வரும், இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.)

மரத்தைத் தாங்குவது ஆழத்தில் இருக்கிற ஆணிவேர், மேலே தெரிகிற வேரை வெட்டினால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், முதல் இரண்டடிக்குள்தான் இருக்கிறது, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. அடிமரத்தை ஒட்டி இருக்கிற தடித்த வேர்கள்தான் காற்றில் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. வாசல் பக்கம் இருக்கிறதை வெட்டிவிட்டால் அந்தப் பக்கம் பிடிப்பே கிடையாது. ஆனால் மரம் அன்றைக்கே சாயாது, இலையெல்லாம் பச்சையாகவே இருக்கும், வெட்டின இடம் மண்ணுக்குள் மெதுவாக அழுகும், பிறகு ஒரு வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிப்போய்க் காற்றும் அடிக்கும்போது பக்கத்து வீட்டுக் கார்மேல் விழும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் இந்த ஊர் எத்தனை மரங்களை இழந்தது என்பதைப் பார்த்தவர்கள்தானே நாம். மயிற்கொன்றையும் (குல்மோகர்) தூங்குமூஞ்சியும் வெளிநாட்டு மரம், அதனால் விழுந்தது என்று எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டோம். அதில் உண்மை இருக்கிறது, மயிற்கொன்றை சுலபமாக முறியக்கூடியதுதான். ஆனால் அடிமரம்வரை சிமென்ட் பூசி, ஒரு பக்க வேரையும் வெட்டிவிட்டால் வேப்பமரமும்தான் விழும்.

வேர் ஏன் தளத்துக்கு அடியில் வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சுற்றிலும் இறுகிப்போன மண், மேலே சிமென்ட். தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடைவெளியில்தான் கொஞ்சம் ஈரமும் காற்றும் இருக்கிறது, வேர் அங்கே நுழைந்துவிடுகிறது. முதலில் விரல் தடிமன், வருஷா வருஷம் பருத்துத் தளத்தைத் தூக்கும். அதே சிமென்டை மறுபடி இன்னும் கெட்டியாகப் போட்டால் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

சரி, என்ன செய்யலாம்? தூக்கின தளத்தைக் கையால் உடைத்து எடுங்கள், தயவுசெய்து ஜே.சி.பி. வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் திறந்திருக்கட்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற கான்கிரீட்டை அகற்றச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. மீதி இடத்தில் வேருக்கு மேல் ஜல்லியும் மணலும் பரப்பி, இடுக்கில் சிமென்ட் பூசாமல் பேவர் பிளாக் போடுங்கள். வேர் இருக்கிற இடத்தில் லேசான மேடாக இருந்துவிட்டுப் போகட்டும், கார் ஏறும். நாளைக்கு மறுபடி தூக்கினால் நாலு கல்லை எடுத்து மட்டம் பார்த்து வைத்துவிடலாம், மழைத்தண்ணீரும் உள்ளே இறங்கும். கனமான வண்டி வந்துபோகிற இடமென்றால் வேரைத் தொடாமல் மேலே பாலம் மாதிரி கம்பி கட்டித் தளம் போடவும் வழி இருக்கிறது, பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் மெல்லிய வேரை மட்டும், அதுவும் அடிமரத்தின் குறுக்களவைப் போல நாலைந்து மடங்கு தள்ளி, கூர்மையான ரம்பத்தால். ஒன்றரை அடி குறுக்களவுள்ள மரத்துக்கு ஆறேழு அடி தள்ளி என்று கணக்கு. நானாக இருந்தால் மழைக்கு முன்னால் செய்யவே மாட்டேன், தை மாதத்தில் செய்துவிட்டுக் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவேன், அடுத்த புயல் காலத்துக்குள் மரம் கொஞ்சம் தேறிக்கொள்ளும்.

கழிவுநீர்க் குழாயை வேர் உடைத்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். நல்ல குழாயை வேர் துளைப்பது அபூர்வம், பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய்களின் இணைப்பில் கசிவு இருந்தால் அந்த ஈரத்தைத் தேடிப் போய் நுழையும். இணைப்பைச் சரிசெய்யாமல் மரத்தை மட்டும் எடுத்தால் கசிவு எங்கே போகும்? ராத்திரியில் ஆசிட் ஊற்றுவது, துளை போட்டுப் பெருங்காயம் வைப்பது என்று சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். பட்டுப்போய் நிற்கிற மரம் உயிருள்ள மரத்தைவிட ஆபத்து. அதோடு தெருவோர மரம் நம்முடையது இல்லை, அதை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். சாய்ந்து ஆபத்தாக நிற்கிறது என்றால் மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணுக்குச் சொல்லலாம்.

வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லி முடிக்கவும் மனம் வரவில்லை. எங்கள் அசோக் நகர்த் தெருவில் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு பக்கத்து வேர்களை ஜே.சி.பி.யால் இழுத்துப் பிய்த்துவிட்டு, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள், கேட்டால் "லைன் அப்படித்தான் சார் போகுது" என்றார்கள். வடிகாலோ கேபிளோ எதுவானாலும், மரத்தருகே கையால்தான் தோண்ட வேண்டும், தடித்த வேர் வந்தால் பாதையை விலக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, மீறினால் பில்லில் பணம் பிடிக்க வேண்டும். இந்த மழைக்கு முன்னால் தோண்டப்போகிற தெருக்களிலாவது மாநகராட்சி இதைச் செய்யட்டும்.

– ஒரு வாசகர்,
அசோக் நகர், சென்னை