கேரவனில் போகும் பெண்கள் முதலில் ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேரவனிலும் வேனிலும் குடியிருந்துகொண்டு ஊர் ஊராகப் போகும் பெண்களைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன, அந்தப் பெண்கள் மனம்விட்டுப் பேசியதும் பிடித்திருந்தது. ஆனால் எல்லாரிடமும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான் கேட்கப்பட்டிருக்கிறது: ராத்திரியில் பயமாக இருக்காதா? நானும் என் கணவரும் ஆறு வருடமாக இப்படி ஒரு வண்டியில்தான் இருக்கிறோம். எங்களைப் பார்க்கிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், அதுவும் என்னிடம் மட்டும். அவரிடம் கேட்பதெல்லாம் வண்டி எத்தனை அடி நீளம், மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்பதுதான்.

பயத்தைப் பற்றிக் கேட்பதில் தப்பில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாருமே கேட்பதில்லை என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இந்த வண்டியை உங்களால் தனியாக ஓட்டிக்கொண்டு போக முடியுமா? முதல் மூன்று வருடத்தில் என்னிடம் இதைக் கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்களுடையது மோட்டார் ஹோம், எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக இருக்கும் வகை. ஏழரை மீட்டர் நீளம். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், இருபத்தைந்து வருடமாக ஓட்டுகிறேன். இருந்தும் இதை வாங்கிய முதல் நாளே வேலை தானாகப் பிரிந்துவிட்டது. ஓட்டுவது, நிறுத்துவது, கரண்ட் ஒயரைச் செருகுவது, தண்ணீர்க் குழாயை மாட்டுவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எல்லாம் அவர். சமையல், துணி, படுக்கை, மருந்து மாத்திரை, அடுத்து எங்கே தங்கலாம் என்று தேடிப் பதிவு செய்வது எல்லாம் நான். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது கிடையாது, வீட்டில் எப்படி இருந்ததோ அது அப்படியே சக்கரத்தின் மேல் ஏறிவிட்டது.

மூன்றாவது வருடம் ஒரு மலையடிவாரத்தில் தங்கியிருந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு அவருக்கு விலாவுக்குக் கீழே வலி, வியர்த்துக் கொட்டுகிறது, நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சிறுநீரகக் கல் என்று பிற்பாடு தெரிந்தது, அப்போது நான் மாரடைப்பு என்றே நினைத்தேன். ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. கூடவே போய் அவரை வார்டில் சேர்த்துவிட்டு, காலை எட்டு மணிக்கு ஒருவர் காரில் ஏற்றிவிட வண்டிக்குத் திரும்பி வந்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும், எங்களுக்கு அடுத்து வருகிறவர்கள் பதிவு செய்திருந்தார்கள். சாவி என் கையில் இருந்தது. வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தேன். அந்த மஞ்சள் ஒயரைப் பிடுங்குவதற்கு முன் எதை அணைக்க வேண்டும், வண்டி சாயாமல் நிற்க முன்சக்கரத்தை ஏற்றி வைத்திருக்கும் மட்டக் கட்டையிலிருந்து எப்படி இறக்குவது, கேஸை எங்கே மூடுவது, ஏறும் படி தானாக உள்ளே போகுமா நான்தான் தள்ள வேண்டுமா, எதுவும் தெரியவில்லை. மூன்று வருடம் குடியிருந்த வீடு அது. படியில் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்து இடத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக வேனில் இருந்தார். அழுகிற சத்தம் கேட்டு வந்தார், விஷயத்தைக் கேட்டார். நான் அவர் செய்து கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். "நீயே செய்ம்மா, நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். முதலில் கரண்ட் கம்பத்தில் இருக்கும் பிரேக்கர் சுவிட்சை அணைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஒயரைப் பிடுங்க வேண்டும். கேஸ் சிலிண்டரை மூட வேண்டும். கூரை ஜன்னல், ஃபிரிட்ஜ் கொக்கி, படி. ஒவ்வொன்றையும் என் கையாலேயே செய்ய வைத்தார்.

அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து வண்டியின் பின்பக்கம், இடது மூலைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் நிறுத்தினார். ஸ்டியரிங்கை முழுசாக வலது பக்கம் ஒடித்து மெதுவாக முன்னால் போ என்றார். போனேன். பாட்டில் விழுந்த சத்தம் கேட்டது. வலது பக்கம்தானே திரும்பினேன், இடது பக்கம் இருந்த பாட்டில் எப்படி விழும்? இறங்கி வந்து பார்க்கச் சொன்னார். பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டியின் வால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, முன்பக்கம் ஒரு பக்கம் திரும்பினால் வால் எதிர்ப்பக்கம் வீசும். காரிலும் இது உண்டு, ஆனால் வால் சின்னது என்பதால் நமக்குத் தெரிவதே இல்லை. கம்பத்தையும் பக்கத்து வண்டியையும் இடித்துவிடுகிறவர்களில் பலர் இந்த வாலால்தான் இடிக்கிறார்கள். நான்கு தடவை பாட்டிலை விழவைத்தேன். ஐந்தாவது தடவை முதலில் நேராகக் கொஞ்சம் முன்னால் எடுத்து, அதற்கப்புறம் திரும்பினேன். பாட்டில் நின்றது. கிளம்பும்போது ஒரு காகிதத்தில் எங்கள் வண்டியின் உயரத்தை எழுதி, ஸ்டியரிங்குக்கு நேர் மேலே ஒட்டிவிட்டார். பாலம் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது, கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்றார். நாற்பது கிலோமீட்டர் ஓட்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கைகள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. ஆனால் போய்ச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து தங்கும் இடங்களில் பார்க்கும் தம்பதிகளிடமெல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறேன். நிறைய வண்டிகளில் அந்த வண்டியை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காத மனைவி ஒருவர் இருக்கிறார். வயதான தம்பதிகள் என்றால் இது இன்னும் அதிகம், உடம்பு திடீரென்று படுத்துவிடுகிற வாய்ப்பும் அந்த வயதில்தான் அதிகம். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று ஆண்கள் சொல்வார்கள். பதினைந்து நிமிடம் ஒரு நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் பிரேக் என்று கத்தினால் யாருக்கு ஆர்வம் வரும்?

இந்த வண்டிகளின் வரலாற்றிலேயே இந்த வேலைப் பிரிவு இருக்கிறது. ஏர்ஸ்ட்ரீம் கேரவன்களைத் தொடங்கிய வாலி பையம், தன் மனைவி மேரியன் அடுப்பு இல்லாமல் கூடாரத்தில் தங்க வரமாட்டேன் என்று சொன்னதால்தான் சமையலறையோடு கூடிய, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் இழுவை வண்டியைச் செய்துபார்க்க ஆரம்பித்தார், 1931ல் அது நிறுவனமானது. ஒரு பெண் கேட்ட சமையலறையைச் சுற்றித்தான் அந்த வண்டி வளர்ந்தது. அந்த மனைவியை நான் குறை சொல்லவில்லை, அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்த இழுவை வண்டி தோன்றுவதற்குப் பல வருடம் முன்பே, 1909ல், ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை 59 நாளில் கார் ஓட்டிப் போயிருக்கிறார். தார் ரோடு என்பதே அபூர்வமாக இருந்த காலம், வழியில் 11 டயர் மாற்றினார். கூட வந்த மூன்று பெண்களில் ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் காய்ச்சலில் விழுந்திருந்தால் மற்ற மூவரும் என்ன செய்திருப்பார்கள் என்ற நினைப்புதான் வருகிறது.

இன்று வேலை அதைவிட எத்தனையோ லேசு. பவர் ஸ்டியரிங் இருக்கிறது, கேமரா இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்டு எடை வரையுள்ள மோட்டார் ஹோமைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். உடல் பலம் வேண்டிய வேலைகள் மிகக் கொஞ்சம், மீதியெல்லாம் எதற்கு அப்புறம் எது என்ற வரிசைதான்.

கழிவுத் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள், பெண்கள் ரொம்பவும் விலகி நிற்பது இதில்தான், நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவள்தான். பெரிய வண்டிகளில் இரண்டு தொட்டி இருக்கும். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து முழுசாகக் காலி செய்ய வேண்டும், பிறகு குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் நிற்கும் தொட்டியைத் திறந்தால் அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வைத்திருக்க வேண்டும், திறந்தே விட்டால் நீர் மட்டும் ஓடிப்போய்க் கெட்டியானது உள்ளே குவிந்து அடைத்துக்கொள்ளும். ஈர டிஷ்யூவும் சானிட்டரி நாப்கினும் அதற்குள் போகவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டால் கால் மணி நேர வேலை.

மின்சாரமும் அப்படித்தான். வட அமெரிக்க வண்டிகளில் 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தமே 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவையும் ஹேர் டிரையரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழத்தான் செய்யும். சமைக்கிறவர் கையால்தான் பெரும்பாலும் அது விழுகிறது, அந்தப் பிரேக்கர் பெட்டி எந்த அலமாரிக்குள் இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியாமல் இருக்கிறது. கேஸ் கசிவு அலாரம் ஏன் தரைக்குப் பக்கத்தில் பொருத்தியிருக்கிறது என்று எனக்கு மூன்று வருடம் தெரியாது. இந்த வண்டிகளில் எரிக்கும் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அந்த அலாரத்துக்கு முன்னால்தான் நான் தினமும் துணிக் கூடையை வைத்துக்கொண்டிருந்தேன்.

பயத்துக்கு வருகிறேன். தனியாகப் போகும் பெண்கள் சொல்லும் பாதுகாப்பு வழிகளைக் கேட்டுப் பாருங்கள். வண்டியின் முகம் வெளியே போகும் வழியைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துவது, ஓட்டுநர் சீட்டில் எதையும் அடுக்காமல் விடுவது, சாவியை எப்போதும் ஒரே இடத்தில் மாட்டுவது, தங்கியிருக்கும் இடத்தின் படத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகே வெளியிடுவது. இழுவைக் கேரவன் வேண்டாம், வேன்தான் வேண்டும் என்று அவர்களில் பலர் சொல்வதற்கும் காரணம் உண்டு: கதவைத் திறந்து வெளியே இறங்காமலே படுக்கையிலிருந்து எழுந்துபோய் ஓட்டுநர் சீட்டில் உட்காரலாம். மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் கிளம்பிப் போய்விடுவதுதான் அவர்களுடைய முதல் வழி. ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு இந்த வழி மூடியிருக்கிறது. கணவர் பக்கத்தில் படுத்திருந்தாலும் மூடித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் டயர் பார்க்க ஒரு பட்டறைக்குப் போனோம். கேள்வி கேட்டது நான், மெக்கானிக் பதில் சொன்னது என் கணவர் முகத்தைப் பார்த்து. டயரின் மேல்பட்டை இன்னும் தேயவில்லை, இன்னும் ஓடும் என்றார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு எந்த வாரம், கடைசி இரண்டு எந்த வருடம் தயாரானது என்று சொல்லும். எங்கள் டயரில் 2315 என்று இருந்தது, அதாவது 2015ன் 23வது வாரம். அதைப் படித்துக் காட்டினேன். கேரவன் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே கிழடாகின்றன, மேல்பட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும். ஆறு டயரையும் மாற்றினோம். என் கணவரும் அந்த எண்ணை அன்றுதான் கவனித்தார்.

இதையெல்லாம் பெண்களுக்குப் பெண்களே சொல்லிக்கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1991ல் தொடங்கிய ஆர்விங் விமன் என்ற அமைப்பு வண்டியோடு வரும் பெண்களுக்காகவே நடக்கிறது. ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற வண்டிப் பயணிகள் சங்கத்தினர் டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு இடம் வைத்திருக்கிறார்கள், வயதாலோ நோயாலோ பயணம் நின்றுபோனவர்கள் தங்கள் சொந்த வண்டியிலேயே இருந்துகொண்டு அங்கே சாப்பாட்டுக்கும் டாக்டரிடம் போவதற்கும் உதவி பெறலாம். ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒருநாள் உடம்பு நிற்கும் என்று யோசித்து யாரோ அதைக் கட்டியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் கட்டுரையில் இல்லாத பெண்களும் உண்டு. வாடகை கட்ட முடியாமல், கணவர் போன பிறகு, வேலை போன பிறகு வண்டிக்குள் வந்தவர்கள். அமெரிக்கப் பொது நிலங்களில் இலவசமாக ஓரிடத்தில் பொதுவாக 14 நாள்தான் தங்கலாம், அதற்குப் பிறகு இடம் மாற்ற வேண்டும். அவர்களுக்கு வண்டி நின்றுவிட்டால் வீடே நின்றுவிட்டது. அவர்களில் பேட்டரியையும் பெல்ட்டையும் தானே மாற்றத் தெரிந்த பெண்களைச் சந்தித்திருக்கிறேன், எனக்கு அவர்கள் மேல் இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த முறை அவர்களிடம் போய்ப் பேசுங்கள், கையில் எந்த ஸ்பேனர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், அந்தப் பதிலை அப்படியே போடுங்கள்.

எங்கள் வண்டியில் இப்போது வாரம் மாற்றி வாரம். அவர் ஓட்டும் வாரம் நான் சமையல், நான் ஓட்டும் வாரம் அவர் சமையல், கழிவுத் தொட்டி ஓட்டுகிறவர் பொறுப்பு. அந்த அம்மா ஒட்டிய காகிதம் பழுப்பேறிவிட்டது, மேலே டேப் ஒட்டி அப்படியே வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை மலைப்பாதையில் ஏற வேண்டும், அது என் வாரம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி