ஃபெஸ் போகிறாயா, பழைய ஊருக்குள்ளேயே தங்கு

கண்ணம்மா,

நீ ஏப்ரலில் நான்கு நாள் மொராக்கோவில் ஃபெஸ் போகப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து எனக்கு அந்த ஊர் நினைப்பாகவே இருக்கிறது. போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் தங்குமிடம். புது நகரத்தில் பெரிய ஹோட்டலில் அறை எடுக்காதே. நானும் அப்பாவும் முதல் இரண்டு இரவு அங்கேதான் இருந்தோம், வசதிக்குக் குறைவில்லை, ஆனால் நாங்கள் கிளம்பி டாக்ஸி பிடித்து மதீனா என்கிற பழைய ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், கூட்டமும் வந்துவிடும். மூன்றாம் நாள் உள்ளே ஒரு ரியாதுக்கு, அதாவது விடுதியாக மாற்றிய பழைய முற்றத்து வீட்டுக்கு, மாறினோம். சந்திலிருந்து பார்த்தால் வெறும் சுவர்தான், கதவைத் திறந்தால் முற்றம், நடுவில் ஆரஞ்சு மரம், மேலே வானம். உள்ளே கார் வராது, அதனால் கார் வந்து நிற்கிற பத்தா சதுக்கத்துக்கோ ர்ஸிஃப் சதுக்கத்துக்கோ பக்கத்தில் வீடு பார், பெட்டி தூக்க ஆள் அனுப்பச் சொல்லிவிடு.

காலையில் சீக்கிரம் எழுந்து பாப் பூ ஜெலூத் நீல வாசலிலிருந்து தாலா கபீரா என்ற பெரிய தெரு வழியாக இறங்கு. கடைகள் திறந்திருக்காது. பிள்ளைகள் பலகையில் மாவு உருண்டைகளை வைத்துத் தெருப் பொது அடுப்புக்குக் கொண்டுபோவார்கள், பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" (வழி விடு) என்று சத்தம் வந்தால் உடனே சுவரோரம் ஒதுங்கு, கோவேறு கழுதை வருகிறது. அந்த நேரத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் மட்டும் பிஸாரா கிடைக்கும். காய்ந்த ஃபாவா பீன்ஸைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சீரகத்தூள் தூவி, ரொட்டியோடு தருவார்கள். நான் அங்கே சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு அதுதான். மெல்லிய மாவுத் தாளுக்குள் கறி வைத்துச் சுடும் பஸ்தீயாவும் ஒரு முறை சாப்பிட்டுப் பார், கோழிக்கறி மேலே சர்க்கரையும் பட்டைத்தூளுமா என்று முகம் சுளிக்காதே. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் நாள், அன்று மதியம் நிறையக் கடைகள் மூடியிருக்கும், அதனால் வாங்குகிற வேலையை வேறு நாளில் வைத்துக்கொள்.

வாங்குவது என்றதும் தோல் பை ஞாபகம் வருகிறது. சுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்க ஒரு கடை மாடிக்கு ஏறினோம், நாற்றம் தாங்க மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாவும் கொடுத்தார்கள், சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நாற்றம் அது. இறங்கும்போது சங்கடப்பட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்ன விலைக்கு ஒரு பை வாங்கிவிட்டேன். மறுநாள் இரண்டு சந்து தள்ளி அதே பை பாதி விலை! எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ மாடிக்குப் போ, பார், அதற்குச் சின்னத் தொகை கொடுத்துவிட்டு வந்துவிடு. வாங்குவதை மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போடு.

ஸஃபாரீன் சதுக்கத்துக்குக் கண்டிப்பாகப் போ. செம்புப் பாத்திரம் தட்டுகிற சத்தம் தாளம் மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும், எதிரே கரவிய்யீன் நூலகம். 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி தொடங்கியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலோடு சேர்ந்தது. பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாத நம்மை விடமாட்டார்கள், வாசலில் நின்று பார்க்கலாம். பூ இனானியா மதரஸாவுக்குள் எல்லோரும் போகலாம், அங்கே சும்மா அரை மணி நேரம் உட்கார்.

வழி தவறினால் பயப்படாதே. "இந்த வழி அடைத்திருக்கிறது" என்று சொல்லிக் கூடவே வருகிற பையன்களிடம் ஷுக்ரன் (நன்றி) சொல்லிவிட்டு, பெரிய தெருவைப் பிடித்து மேட்டுப் பக்கமாக நட, நீல வாசல் வந்துவிடும்.

எனக்குப் பை எதுவும் வேண்டாம். சீரகம் மட்டும் கால் கிலோ வாங்கி வா, அப்பா இப்போதும் அந்த பிஸாராவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அம்மா