கீட்டோகோனசோலை நிறுத்துவதற்கு முன் ஒரு போன்

அமெரிக்காவில் விலங்கு மருத்துவம் பார்க்கும் தமிழ் டாக்டர்களுக்கு,

வணக்கம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்த பூனை உங்கள் மேசைக்கு அடிக்கடி வராது. 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிகிச்சைதான், ஆனால் அதைச் செய்யும் மையங்களை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அறுவை முடிந்து ஊர் திரும்பிய பூனைக்கு வாந்தியோ தும்மலோ வந்தால் நாங்கள் ஓடி வருவது உங்களிடம்தான்.

எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு இந்த வேலை நடக்கும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சைக்ளோஸ்போரின். காலி ஜெலட்டின் கூட்டுக்குள் அந்தத் திரவத்தைச் சொட்டுவிட்டு மூடி, ஒழுகுவதற்குள் பூனையின் தொண்டைக்குள் தள்ள வேண்டும். நாக்கில் பட்டுவிட்டால் வாயில் நுரை, அப்புறம் நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில். கூடவே அதே வேலைக்குப் பிரெட்னிசோலோன், அப்புறம் கீட்டோகோனசோல்.

இந்த மூன்றாவதில்தான் சிக்கல். இது பூஞ்சைக்கான மருந்து, எங்கள் பூனைக்கோ பூஞ்சையே கிடையாது. சைக்ளோஸ்போரினைக் குடலிலும் ஈரலிலும் சிதைக்கும் நொதியை இது மட்டுப்படுத்துகிறது. அதனால் கொஞ்சம் மருந்தே ரத்தத்தில் நெடுநேரம் நிற்கும், இரண்டு வேளை ஒரு வேளையாகும், செலவும் இறங்கும்.

போன வருடம் ஒரு கிளினிக்கில் ஈரல் நொதிகள் ஏறியிருப்பதைப் பார்த்து, "பூஞ்சை இல்லையே, இது எதற்கு?" என்று கீட்டோகோனசோலை நிறுத்திவிட்டார்கள். ஈரலைக் கெடுக்கக்கூடிய மருந்துதான், கேள்வியும் நியாயம்தான். ஆனால் சைக்ளோஸ்போரினைக் கூட்டவில்லை. இரண்டு வாரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறத் தொடங்கியது. பூனையோ வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலில் உட்கார்ந்து அணில் பார்த்துக்கொண்டிருந்தது. மையத்தில் பார்த்துச் சரிசெய்தார்கள். தப்பித்தோம்.

புது மருந்து சேர்த்தால் பழையதோடு மோதும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றை நிறுத்தினாலும் அதே மோதல்தான், திசை மட்டும் வேறு. கிளாரித்ரோமைசினும் இட்ராகோனசோலும் சைக்ளோஸ்போரினை மேலே தள்ளும். அளவு மீறினால் கிருமி உள்ளே வரக் கதவு திறந்த மாதிரி. ரிஃபாம்பிசின் கீழே இறக்கும். ஜென்டாமைசின், அமிகாசின் நேராகச் சிறுநீரகத்தையே அடிக்கும்.

மருந்துக் கடையிலும் ஒரு கண் இருக்கட்டும். நியோரலும் சாண்டிமுன்னும் ஒரே சைக்ளோஸ்போரின்தான், ஆனால் உடல் உறிஞ்சும் விதம் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் கணக்கே மாறிவிடும்.

ஆகவே எதைச் சேர்த்தாலும் நிறுத்தினாலும் முதலில் மையத்துக்கு ஒரு போன் போடுங்கள், சில நாளில் ரத்தத்தில் மருந்தளவைப் பாருங்கள். அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். காலை மருந்தைக் கொடுத்துவிட்டுக் கூட்டிவந்தார்களா என்று கேட்காமல் ஊசி குத்தாதீர்கள். முதல் சில மாதங்களுக்கு மில்லிலிட்டருக்கு 300 முதல் 500 நானோகிராம் வரை வைத்திருப்பது வழக்கம், பிறகு மெல்லக் குறைப்பார்கள்.

இன்னொன்று. சிறுநீரகம் கொடுத்த பூனையும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தானம் கொடுத்த பூனையை எடுத்து வளர்ப்பது இந்தச் சிகிச்சையின் நிபந்தனை. அடுத்த மாதம் பல் சுத்தம் செய்ய அதைக் கூட்டி வருவோம். பார்க்க ஜம்மென்று இருக்கும், மாத்திரை எதுவும் கிடையாது. வலிக்கு மெலாக்சிகாம் எழுதுவதற்கு முன் அதன் சீட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். அதற்கு இப்போது இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம்தான்.

இப்படிக்கு,
இரண்டு பூனை வளர்க்கும் ஒருத்தி